புதிர் அரிசி கொடுத்தனுப்ப முடியாதவர்களுக்கு

அமெரிக்காவின் ஒரெகன் சுகாதார விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தில் இரத்தப் புற்றுநோய் ஆய்வுகூடத்தில் இருந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும், அவர்களுக்கு முன்னே காடு வெட்டி வழி விட்டவர்களுக்கும்,

இலங்கையில் கிளிநொச்சிப் பக்கம் இருக்கும் முரசுமோட்டையிலிருந்து வணக்கம்.

தைப்பூசத்தன்று புதிர், அதாவது புது நெல்லின் முதல் அரிசி, எடுத்துப் படைத்த பிறகு அப்பா ஒரு கணக்குச் சொல்லுவார். அந்த வருடம் உதவினவர்கள் யார், யாருக்கு எத்தனை கொத்துப் புது அரிசி என்று. கடனுக்கு உழுது தந்தவர், தன் முறைத் தண்ணீரை ஓரிரவு எங்கள் வாய்க்காலுக்கு விட்டவர், ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ ஓடின தம்பி. இந்த முறை எல்லாரையும் சொல்லி முடித்துவிட்டு, "உந்தக் குளிசையைக் கண்டுபிடிச்ச ஆக்களுக்கு என்ன செய்யிறது பிள்ளை?" என்று கேட்டார். அதற்குத்தான் இந்த மடல்.

நாலு வருடத்துக்கு முன், சூடடிப்பு நேரம், இடப்பக்க விலாவுக்குக் கீழே கல்லு வைத்த மாதிரி இருக்கிறது என்றார். இரண்டு வாய்ச் சோற்றோடு வயிறு நிரம்பிவிடும். ஓரிடத்தில் காஸ்ட்ரிக் என்று மருந்து தந்தார்கள். மூன்று மாதம் அதோடு போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு இரத்தப் பரிசோதனை போதுமே! கடைசியில் எண்ணிப் பார்த்தபோது ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் வெண்குருதிக் கலங்கள் 186,000. வழமையில் 11,000ஐத் தாண்டாது. கல்லு மாதிரி இருந்தது வீங்கின மண்ணீரல்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். இந்த இரத்தப் புற்றுநோயில், கலத்துக்குள் மரபுச் செய்தியைக் காவும் இழைகளான நிறமூர்த்தங்களில் 9ஆவதும் 22ஆவதும் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அப்பாவின் றிப்போட்டில் அதே இரண்டு இலக்கங்களைக் கண்ட அன்று, தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், ஆனையிறவு தாண்டும்வரை நான் வாய் திறக்கவில்லை.

பிறகு அவருக்கு விளங்கப்படுத்தினேன். ஒட்டின இடத்தில் பிறக்கும் ஒரு புரதம் "பெருகு, பெருகு" என்று கலத்துக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். "துருசு பூட்டுப்படாமல் கிடக்குது எண்டு சொல்லு" என்றார் அப்பா, குளத்து மதகுக் கதவை நினைத்து. அதேதான். அந்தப் புரதம் தன் சக்தியைப் பெறும் பொந்துக்குள் போய்க் குந்திக்கொள்கிறது நீங்கள் சோதித்துத் தந்த இமாட்டினிப் என்ற மருந்து. நாளுக்கு 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, ஒரு கிளாஸ் தண்ணீரோடு.

1950களின் பிற்பகுதியில் பிலடெல்பியாவில் பீற்றர் நோவெல் இரத்தப் புற்றுநோய்க் கலங்களைக் குழாய்த் தண்ணீரில் அலசினாராம். கலங்கள் ஊதி, நிறமூர்த்தங்கள் எண்ணக்கூடியதாக விரிந்துவிட்டன. அவரும் டேவிட் ஹங்கர்போர்டும் அதில் ஒன்று குட்டையாகக் கிடப்பதைக் கண்டு 1960இல் எழுதினார்கள். அதன் துண்டு 9ஆவதோடு மாறிப் போனதால்தான் அது குட்டை என்று கண்டது சிக்காகோவில் ஜனெற் றோவ்லி, 1972இல். படங்களை வெட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தவர். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறா என்று பிள்ளைகள் பகிடி பண்ணினார்களாம். விடைத்தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்புகிற எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

சுவிற்சலாந்தில் ஒரு மருந்துக் கம்பனியில் நிக்கலஸ் லைடனின் குழு செய்து பார்த்த இரசாயனச் சேர்வைகளில் ஒன்றை, உங்கள் பிரையன் ட்ரூக்கர் நோயாளிகளின் கலங்களில் போட்டுப் பார்த்தார். கெட்டது செத்தது, நல்லது பிழைத்தது. 1998இல் மனிதர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினீர்கள். 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்த 54 பேரில் 53 பேருக்கு இரத்த எண்ணிக்கை வழமைக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பெயர் தெரிந்தவர்களுக்கு விருதுகள் கிடைத்துவிட்டன. எனக்கு மற்றவர்களோடுதான் கதைக்க வேண்டும். கண்ணாடிக் குடுவை கழுவினவர்கள், பின்னேரம் எல்லாரும் போனபிறகு நுணுக்குக்காட்டியில் கலம் எண்ணினவர்கள், குளிரூட்டி நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள். அவர்களுக்கும் முதலில், என்புமச்சை எடுக்கக் குப்புறப் படுத்துக் கொடுத்த நோயாளிகள். அந்த ஊசி எப்படி நோகும் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குத் தெரியும். மருந்து வரும் என்று தெரியாத காலத்திலேயே கொடுத்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். கனடாவில் ஒரு நோயாளிப் பெண் 1999இல் ஆயிரக்கணக்கில் கையொப்பம் சேர்த்து, மருந்தைக் கூடுதலாகச் செய்யச் சொல்லிக் கம்பனிக்கு அனுப்பினார் என்று வாசித்தேன். அவருக்கும் ஒரு கொத்து.

இங்கே எங்களுக்கு இரத்தம் எடுத்த ஆய்வுகூடத் தங்கச்சிக்கும், கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைப் பெரிதாக எழுதித் தந்த தாதிக்கும் அரிசி போய்ச் சேர்ந்துவிட்டது.

காலையில் அப்பாவின் கண்மடல் கொஞ்சம் வீங்கியிருக்கும், இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். அதோடேயே காலபோகம் விதைத்தார். இரணைமடுக் குளம் நிரம்பினால் சிறுபோகமும் செய்வாராம். உங்கள் பங்கு அரிசியைத் தனியாக ஒரு உரப்பையில் கட்டி, மூலையில் வைத்திருக்கிறார். தபாலில் போகாது என்றேன். "ஆரும் வந்தால் குடுப்பம்" என்றார். பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ் எடுத்து முரசுமோட்டையில் இறங்குங்கோ. குளிசை போடுகிற ஐயாவின் வீடு எது என்று கேட்டால் கடையடியில் காட்டுவார்கள்.