பள்ளி திறக்குமுன்: மகளுக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்,
மே 18

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். பிள்ளைகள் இருவரும் வந்த களைப்புத் தீர்ந்து, உன் அப்பாவைப் பாடாய்ப் படுத்திக்கொண்டு நன்றாகவே இருக்கிறார்கள். பள்ளி திறப்பதற்குள் வாங்க வேண்டியவை என்று மஸ்கட்டிலிருந்து நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். அதில் பாதியை நான் வாங்கப் போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பறையிலேயே தலை நரைத்தவள் நான். நோட்டு எங்கே என்று கேட்டால், "வீட்டில் இருக்கிறது டீச்சர்" என்பதுதான் பிள்ளைகள் சொல்லும் பதில். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். வாங்கித் தராத வீடுகளைவிட, வாங்கியதை வைத்த இடம் தெரியாத வீடுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் ஒதுக்குவதையும், அந்த இடம் எனக்கல்லாமல் பிள்ளைகளின் கைக்கு எட்டுவதாக இருப்பதையும் இம்மாதத்து வேலையாக எடுத்துக்கொண்டேன்.

ரேழியில் அப்பாவின் சைக்கிள் பம்பும், பின்னல் அறுந்த பிரம்பு நாற்காலியும், கட்டுக்கட்டாகச் செய்தித்தாளும் அடைந்து கிடந்தது உனக்கு நினைவிருக்கும். அவற்றையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு (பம்பை மட்டும் அப்பா திரும்ப எடுத்து உள்ளே கொண்டுபோய்விட்டார்), தச்சரை வரவழைத்துச் சுவரில் கொக்கிகளோடு ஒரு பலகை அடிக்கச் சொன்னேன். அவர் தம் தோளுயரத்துக்குத்தான் பலகையைத் தூக்கினார். சின்னவளைப் பையோடு சுவரோரம் நிற்கவைத்து, குதிகாலைத் தூக்காமல் அவள் கை போய்ச் சேருகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டிய பிறகுதான், இவ்வளவு தாழ்வாகவா என்று முணுமுணுத்துக்கொண்டே ஆணியைக் கையில் எடுத்தார். பெரியவனுக்கு அதற்கு இரண்டு சாண் மேலே இன்னொரு பலகை. கீழே செருப்பும் ஷூவும். ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் அதற்குரிய சாக்ஸ். பள்ளி விட்டு வந்ததும் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் அடுப்படித் தொட்டியில் போட்ட பிறகே வேறு எதுவும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பைக்குள் மறந்த தயிர்சாதத்தைத் திங்கட்கிழமை திறந்து பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

நீ ஆசையாக அனுப்பிய சக்கரம் வைத்த பையைப் பரணில் ஏற்றிவிட்டேன். வருத்தப்படாதே. 2018 நவம்பரில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கை, ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவையும், ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு நான்கு கிலோவையும் தாண்டக் கூடாது என்றது. உன் அப்பா எடை பார்க்கும் மெஷினில் அந்தப் பையோடு ஒரு முறையும் பையில்லாமல் ஒரு முறையும் ஏறி இறங்கிக் கழித்துப் பார்த்ததில், சின்னவளுக்கு உரிய எடையைக் காலிப் பையே முழுதாகத் தின்றுவிட்டது. பள்ளியில் அவள் வகுப்பு மாடியில் இருக்கிறது. படியில் சக்கரம் உருளாது. கடைத்தெருவில் சாதாரணத் துணிப் பை ஒன்று வாங்கியாயிற்று.

படிப்பு மேசையும் இப்போது வேண்டாம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாதென்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. பெரியவனுக்கு, நான் விடைத்தாள் திருத்திய மேசை கூடத்தில் இருக்கிறது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் உட்காருவதைவிட, நான் காய் நறுக்கும் இடத்திலிருந்து என் பார்வை படும்படி உட்காருவதே இந்த வயதில் நல்லது என்பது என் எண்ணம். மாப்பிள்ளைக்கு வேறு கருத்து இருப்பதும் தெரியும்.

இருவரையும் சேர்த்திருப்பது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் பாடப்புத்தகங்களை அவர்களே தருவார்கள். அதுவும் 2012-13இல் தொடங்கிய முப்பருவ முறையில் ஒரு பருவத்துக்குரிய புத்தகம் மட்டுமே கைக்கு வரும் என்பதால், ஆளுக்கொரு தட்டு போதும். அட்டை போட பிரவுன் ஷீட்டும் லேபிளும் வாங்கி வைத்திருக்கிறேன். அது அப்பாவின் இலாகா. சீருடைத் துணியையும் தைக்கக் கொடுத்தாயிற்று. மே கடைசியில் போனால் எந்தத் தையற்காரரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். கால்சட்டையிலும் பாவாடையிலும் அடுத்த ஆண்டு பிரித்துவிடும்படி உள்மடிப்பு தாராளமாக விடச் சொல்லியிருக்கிறேன்.

திறக்கும் தேதியை மட்டும் நம்பி எதையும் திட்டமிடவில்லை. 2023இல் வெயிலின் கடுமையால் பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, சிறிய வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று தள்ளிப்போயிற்று; 2024இலும் ஜூன் 6 என்றது 10 ஆனது. இருந்தாலும் மே கடைசி வாரத்திலிருந்தே ஆறு மணிக்கு எழுப்பப் போகிறேன். இருப்பது ஒரே குளியலறை. யார் முதலில் என்ற வழக்கைப் பள்ளி திறந்த அன்று காலையில் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. பையை அடுக்குவதும் துணியை எடுத்து வைப்பதும் முந்தின இரவே முடிந்துவிட வேண்டும்.

இதற்கு உன்னால் ஆக வேண்டியது ஒன்றுண்டு. உனக்கு மாலை ஆறரை என்றால் இங்கே எட்டு மணி. அதற்குள் இருவரும் சாப்பிட்டுப் பை அடுக்கியிருப்பார்கள். அப்போது கூப்பிடு, எவ்வளவு நேரமானாலும் பேசு. காலையில் மட்டும் வீடியோவில் வராதே. உன் முகத்தைப் பார்த்தால் சின்னவள் சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். சின்னவளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டதால் ஆதாரில் கைரேகையும் கருவிழியும் பதிய வேண்டும். ஏழு வயதுக்குள் கட்டணமில்லை என்பதால் இந்த வாரமே அழைத்துப் போகிறேன். தடுப்பூசி அட்டைகள்தான் அகப்படவில்லை. அவளுக்கு ஐந்து, ஆறு வயதுக்குரிய டிபிடி ஊக்க ஊசியும், பெரியவனுக்குப் பத்து வயதில் போடும் டிடி ஊசியும் போட்டாயிற்றா? செவிலியரான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னை வீட்டில் எந்தப் பெட்டியில் அட்டைகள் இருக்கின்றன என்று மாப்பிள்ளைக்குச் சொல். சனிக்கிழமை வரும்போது மறக்காமல் எடுத்து வரட்டும்.

இப்படிக்கு,
அம்மா