நூல் புடவை இருந்தால் எடுத்து வை

அன்புள்ள சுமதி,

உன் மெயில் வந்து மூன்று வாரமாகிறது, பதில் போடவில்லை, திட்டாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தில் மட்டும் அவர்களை நம்பாதே, போட்டாச்சு போட்டாச்சு என்று சொல்லி உன்னை ஏமாற்றிவிடுவார்கள். சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் காதுக்கு வந்தது உண்மைதான். கட்டட வேலை நடக்கிற இடங்களில் கூலிக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற நம்ம அமைப்பில், வருகிற மார்ச்சோடு நான் டைரக்டர் நாற்காலியைக் காலி செய்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, யாரோடும் சண்டையும் இல்லை. பதினோரு வருஷம் போதும் என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான்.

போன மாதம் பெரும்பாக்கம் பக்கம் ஒரு சைட்டை மூடினோம். மூன்று வருஷமாக ஓடிய குழந்தைகள் காப்பகம். கட்டடம் முடிந்தது, லிஃப்ட் ஓட ஆரம்பித்தது, கீழே நமக்குக் கொடுத்திருந்த அறையை மறுநாளே காலி செய்யச் சொன்னார்கள். மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடம் வளர்ந்தால் கட்டடம் எழும்பும், எங்களுக்குக் கட்டடம் எழும்பினால் பள்ளிக்கூடம் போய்விடும். முப்பத்து நான்கு பிள்ளைகள். சிலர் பெங்களூருக்கு, சிலர் சூரத்துக்கு, பாதிப்பேர் எங்கே என்று அப்பாவுக்கே தெரியாது, மேஸ்திரிக்குத்தான் தெரியும். ஒவ்வொரு அம்மா கையிலும் தடுப்பூசி அட்டையையும் எடை அட்டையையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்து அனுப்பினோம். அடுத்த ஊர் அங்கன்வாடியில் அதைக் காட்டுவார்களா என்று கேட்காதே. சிலர் காட்டுவார்கள்.

இப்போது விஷயம். எனக்குப் பதில் யார் என்று போர்டில் மூன்று மீட்டிங் நடந்தது. கடைசியில் நின்றது இரண்டு பேர். ஒருவர் சமூகப்பணி படித்து, பெரிய கம்பெனிகள் சமூக நலனுக்கு ஒதுக்குகிற சிஎஸ்ஆர் பணத்தைக் கையாண்டு பழகியவர், மரியாதையான மனுஷன், ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதினால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இன்னொருத்தி நம்ம செல்வி. நீ பார்த்திருக்கிறாய், 2016ல் நீ வந்தபோது கேழ்வரகுக் கூழ் ஊற்றிக் கொடுத்தாளே, அவள்தான். சித்தாள் மகள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஆயாவாகச் சேர்ந்தவள், சொந்தப் பிள்ளையை எங்கள் தூளியிலேயே போட்டு ஆட்டிக்கொண்டு வேலை பார்த்தாள், தனித்தேர்வராக எழுதிப் பன்னிரண்டாவது முடித்தாள், இப்போது ஆறு சென்டருக்கு சூப்பர்வைசர். ஒடியா அம்மாக்களோடு அவள் பேசுகிற ஹிந்தியை ஹிந்திக்காரர்கள் கேட்டால் அழுவார்கள், ஆனால் அந்த அம்மாக்களுக்குப் புரிகிறது.

இரண்டு பேரிடமும் நான் ஒரே கேள்விதான் கேட்டேன். பணம் பாதியாகக் குறைந்தால் எதை வெட்டுவீர்கள்? அவர் யோசித்து, நியாயமாகவே, டீச்சர்கள் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு சென்டர்களைக் காப்பாற்றுவேன் என்றார். செல்வி, ரெண்டு சென்டரை மூடுவேன்க்கா, வீட்டுக்குப் போறதை நிறுத்த மாட்டேன் என்றாள். டிரஸ்டி ஒருவருக்கு முகம் மாறிவிட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அவர் சொன்ன அதே காரியத்தை நான் செய்திருக்கிறேன்.

உனக்கு இதை நான் சொன்னதில்லை. 2020 செப்டம்பரில் எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள் அல்லவா, வெளிநாட்டு நன்கொடை வாங்குகிற அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது, நிர்வாகச் செலவு ஐம்பது சதவீதம் வரை என்றிருந்தது இருபதுக்கு மேல் போகக் கூடாது என்று. நமக்கு வந்துகொண்டிருந்தது பெரிய அமைப்பு ஒன்றின் வழியாக வந்த பணம். ஒரே நாளில் நின்றது. லாக்டவுன் முடிந்து சைட்டெல்லாம் திறந்தபோது சென்டர்களைத் திறந்தேன், சாயங்கால வீட்டு விசிட்டை நிறுத்தினேன். டீச்சர்களுக்கு அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கொடுக்கப் பணமில்லை. கணக்குப்படி சரியான முடிவு, ஆடிட்டர்கூடப் பாராட்டினார்.

நாலு மாதத்தில் தெரிந்தது. பிள்ளைகள் வருவது குறைந்தது, ஏன் என்று சொல்ல ஆளில்லை. வீட்டுக்குப் போனால்தானே தெரியும், தகர ஷெட்டில் ஆறரை மணிக்கு அந்த அம்மா அடுப்பு மூட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கூலி இரண்டு வாரமாக வரவில்லை என்பதும், அவள் மறுபடி முழுகாமல் இருப்பதும், ஏழு வயதுப் பெண்தான் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள் என்பதும் வெளியே வரும். ஒரு பையன், ஒன்றரை வயது, எங்கள் கண் முன்னாலேயே இளைத்துப்போனான், எடை அட்டையில் கோடு கீழே இறங்கியதைப் பார்த்துவிட்டு முட்டையைக் கூட்டினோம், காரணம் என்ன என்று கேட்க யாரும் போகவில்லை. அழாமல் தூங்க இருமல் சிரப் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், அவன் நாளெல்லாம் மயக்கத்தில் சாப்பிடாமல் கிடந்திருக்கிறான். பிழைத்துக்கொண்டான். அது என் சாமர்த்தியம் இல்லை.

போர்டுக்கு வந்த கம்பெனிக்காரர் ஒருவர், அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடம் நடத்தி, வளர்ந்த பிறகும் அவர்களைத் தொடர்ந்து பார்த்த பெர்ரி பிரீஸ்கூல் ஆய்வைச் சொல்லி, சின்ன வயதில் போட்ட பணம் பல மடங்காகத் திரும்பும் என்று ஸ்லைடு போட்டார். மிஷிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்கிற ஊர், 1962ல் ஆரம்பித்தது, மொத்தமே 123 பிள்ளைகள். எல்லாம் சரி, அந்த டீச்சர்கள் வாரம் ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஒன்றரை மணி நேரம் அம்மாவோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் ஸ்லைடில் இல்லை. கேட்டேன். அது இங்கே ஸ்கேல் ஆகாது, பெரிய அளவில் செய்ய முடியாது என்றார். ஸ்கேல் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பல் கூசுகிறது.

சட்டமும் இருந்தது, பார். 2025 நவம்பர் வரை இருந்த 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டப்படி ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்கிற இடத்தில் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அறை ஒதுக்க வேண்டியிருந்தது. நான் பார்த்த சைட்களில் பாதிக்கு மேல் பதிவேட்டில் புருஷன் பெயர்தான், பெண்டாட்டி கல் சுமப்பாள், கணக்கில் இருக்கமாட்டாள். எப்படி ஐம்பது சேர்ந்திருக்கும்?

இரண்டாவது மீட்டிங்கில் டிரஸ்டி, ஆரம்பித்தவர்கள் காலத்து ஆட்கள் போய்விட்டால் அமைப்பே கலைந்துவிடும் என்று பயந்தார். அவருக்கு மீரா மகாதேவன் கதையைச் சொன்னேன். 1969, டெல்லி ராஜ்காட் பக்கம், காந்தி நூற்றாண்டுக்காகக் கட்டட வேலை, மண்ணிலும் கல்லிலும் கிடக்கிற குழந்தைகளைப் பார்த்துவிட்டு ஒரு கூடாரத்தில் ஆரம்பித்தார், அதுதான் மொபைல் கிரெஷஸ் என்கிற அமைப்பு. அவர் 1977ல் போய்விட்டார். அமைப்பு ஐம்பது வருஷத்தையும் தாண்டி நடக்கிறது. நான் மீராவும் இல்லை, என்னையெல்லாம் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். சிரித்தார்கள், சிரித்ததால்தான் ஓட்டு விழுந்தது என்று நினைக்கிறேன்.

செல்விதான். ஆங்கில ரிப்போர்ட்டுக்கு அரைநாள் ஆள் ஒருவரைப் போடுகிறோம், கணக்கை ஆடிட்டர் ஆபீஸ் பையன் சொல்லிக்கொடுக்கிறான். அவளுக்குப் பயம் இருக்கிறது. நேற்று போன் பண்ணி, கம்பெனி மீட்டிங்குக்கு என்ன புடவை கட்டுவதுக்கா என்றாள், அப்புறம் அழுதாள், அப்புறம் அவளே சோழிங்கநல்லூரில் புது சைட் கான்ட்ராக்டரிடம் அறையோடு தண்ணீர்த் தொட்டியும் சேர்த்துப் பேசி முடித்ததைச் சொன்னாள். எனக்கு அந்தத் தொட்டியை வாங்க ஒரு வருஷம் ஆகியிருக்கும். அவள் பணக்கஷ்டத்தில் எப்படி நிற்பாள் என்று தெரியவில்லை, சம்பள நாளில் வங்கியில் பணமில்லாமல் இருப்பது என்னவென்று சொல்லித்தர முடியாது. நான் பக்கத்தில் இருக்கக் கூடாது, அதுதான் கஷ்டம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஆபீஸ் பக்கமே போவதில்லை என்று சொல்லிவிட்டேன். உன் வீட்டு மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது?

புது சைட்டில் பன்னிரண்டு தூளி கட்ட வேண்டும். அம்மாவின் பழைய நூல் புடவை இருந்தால் எடுத்து வை, நான் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். பாலியஸ்டர் வேண்டாம், பிள்ளைகளுக்கு வேர்க்குரு வந்துவிடுகிறது.

அன்புடன்,
வசந்தி