விடுதிக் கதவில் ஒட்ட வேண்டிய தாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 நெருங்கினால், எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக நம் கல்லூரிகளில் இருக்கும் செஞ்சுருள் சங்கங்கள் விழித்துக்கொள்கின்றன. சட்டையில் சிவப்பு ரிப்பன், உறுதிமொழி, மனிதச் சங்கிலி, வாசகப் போட்டி. மறுநாள் விடுதி மாணவர் ஒருவருக்குச் சிறுநீர் போகும்போது எரிகிறது என்றால் எங்கே அனுப்புவது? சங்கப் பொறுப்பாளருக்கே பெரும்பாலும் தெரியாது. மாணவர் மருந்துக் கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். அது பால்வினைத் தொற்றாக இருந்தால், எரிச்சல் அடங்கும், தொற்று அடங்காது. துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை தராவிட்டால் திரும்ப வரும். சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண்ணுக்கு வலியும் இராது. சில வாரங்களில் தானே ஆறிவிடும். கிருமி உள்ளேயே தங்கிவிடும்.

அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்க்கான பிரிவின் பெயர் 'சுகவாழ்வு மையம்'. எச்ஐவி பரிசோதனைக்கு 'நம்பிக்கை மையம்'. இரண்டும் இலவசம். ஆனால் பெயரைப் பார்த்து இன்ன இடம் என்று யாருக்கும் புரியாது. வாசல்வரை வந்தவர்கள்கூடத் தாண்டிப் போகிறார்கள். 18 வயது நிறைந்தவருக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டாம். எச்ஐவி முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கல்லூரிக்குக் கடிதம் போகாது.

நேரக் கணக்கில்தான் பலரும் தவறுகிறார்கள். நேற்று நடந்த பாதுகாப்பற்ற உறவுக்கு இன்று எச்ஐவி பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, 'நெகடிவ்' என்று நிம்மதியடைவது வீண். அந்தச் சோதனையில் தொற்று தெரியவே சில வாரம் ஆகும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முதல் நாள் செய்ய வேண்டியது வேறு. அவசரப் பிரிவுக்குப் போய், எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டியது அது.

அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் (லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., ஒரே மாத்திரை) அதே 72 மணி நேரம்தான், தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். நம் ஊரில் பல கடைகளில் 'இல்லை' என்று கையை விரிப்பதிலேயே ஒரு நாள் போய்விடும். விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். அது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. பால்வினை நோயையும் தடுக்காது.

ஆணுறை கிழிவதற்கும் காரணம் உண்டு. மாதக்கணக்கில் பர்ஸில் சூட்டில் கிடந்தது, காலாவதியானது, நுனியில் காற்று நின்றது, தேங்காய் எண்ணெய் தடவியது. எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் சில நிமிடங்களில் நைந்துவிடும். நுனியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு உருட்ட வேண்டும். மறுபக்கமாக வைத்துவிட்டால் திருப்பிப் போடாமல் எறிந்துவிட்டுப் புதிது எடுக்க வேண்டும். 'பாதுகாப்பு தேவை' என்று எழுதிப் பரிசு வாங்கும் சுவரொட்டிகளில் இதில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஒரே ஒரு தாள் போதும்: பக்கத்து அரசு மருத்துவமனையில் அந்த இரண்டு மையங்களும் எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, எத்தனை மணிவரை, கூடவே கட்டணமில்லாத உதவி எண் 1097. கல்லூரி முதல்வர் அறை வாசலில் ஒட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். விடுதிக் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டட்டும். 'நரம்புத் தளர்ச்சி'க்கு மருந்து விற்கும் லாட்ஜ் வைத்தியர்கள் பேருந்து நிலையக் கழிப்பறைகளில் வெகுகாலமாக அப்படித்தான் ஒட்டிவருகிறார்கள்.

இப்படிக்கு,
பாலியல் நல ஆலோசகர்கள் சிலர்,
திருச்சி