பிள்ளை நெளிந்தால் பால் பத்தலை என்று அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம் என்பதால், தாய்ப்பாலின் நன்மைகளைப் பற்றி விரிவாக வெளியிட்டிருந்தீர்கள். நல்ல காரியம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது வீடுகளில் எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. கிராம சுகாதார செவிலியராகப் பல ஆண்டுகள் வீடு வீடாகப் போனவள் நான். அடிக்கடி பார்த்தது நாலாம் மாதத்தில்தான்.

அதுவரை மார்பில் போட்டதும் கண்ணை மூடிக் குடித்த பிள்ளை திடீரென்று நெளிய ஆரம்பிக்கும். இரண்டு வாய் குடிக்கும், தலையைத் திருப்பும், காம்பை விடாமலே இழுக்கும், காலால் உதைக்கும். அம்மாவுக்கு வலி உயிர் போகும். "உனக்குப் பால் பத்தலம்மா, பிள்ளை பசியில துடிக்குது" என்பார் மாமியார். அன்று சாயங்காலமே டின் பால் வீட்டுக்கு வந்துவிடும். 'தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது' என்று அந்த டின்னிலேயே அச்சிட வேண்டும் என்கிறது 1992-ஆம் ஆண்டுச் சட்டம். அதை வாசிக்க அந்த நேரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. புட்டி வந்தபின் பிள்ளை மார்பில் குடிப்பது குறைகிறது. குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும் என்பதால் சுரப்பும் குறைகிறது. பத்தலை என்ற பேச்சு அதன் பிறகுதான் உண்மையாகிறது.

பிறந்த புதிதில் பிள்ளைக்கு ஓரடி தூரத்துக்குள் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். நாலு மாதத்தில் பார்வை தெளிகிறது, தலை நிற்கிறது. டிவி சத்தம், குக்கர் விசில், வாசலில் அண்ணன் குரல் எல்லாமே அதற்குப் புதிது. அதோடு உறிஞ்சும் பலமும் கூடிவிடுவதால், முன்பு அரை மணி நேரம் குடித்ததைச் சில நிமிடங்களில் குடித்து முடித்துவிடும். நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போய், எடையும் ஏறிவந்தால் பால் போதுகிறது என்று நம்பலாம்.

பிள்ளை எப்போது நெளிகிறது என்று கவனித்தாலே பாதிக் காரணம் பிடிபடும். குடிக்கத் தொடங்கியதும் புரையேறி, இருமி, விலகினால் பால் வேகமாகப் பாய்கிறது. அம்மா நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டு பிள்ளையை மேலே போட்டுக் கொடுக்கலாம். முதல் பீய்ச்சலைத் துணியில் விட்டுவிடலாம். மாறாக, பால் இறங்கத் தாமதமானாலும் பிள்ளை கோபத்தில் அடிக்கும். மார்பை மெல்ல அழுத்திக் கொடுத்தால் உதவும். பக்கத்தில் நின்று யாராவது குறை சொல்லிக்கொண்டிருந்தால் பதற்றத்தில் பால் இறங்குவது இன்னும் தாமதமாகும், இதை வீட்டுப் பெரியவர்கள் தயவுசெய்து மனதில் வைக்க வேண்டும். நடுவில் நெளிந்தால் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, மறு பக்கம் மாற்றிப் பார்க்கலாம். காம்பைக் கடித்து இழுத்தால் சுண்டுவிரலை வாயோரம் நுழைத்து மெல்ல எடுக்க வேண்டும்.

சும்மா அலையும் கைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு துணி கொடுங்கள். தாலிக்கயிற்றில் ஊக்கு மாட்டிவைக்கும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. பிள்ளை முதலில் இழுப்பது அதைத்தான். பால் கொடுக்கிற காலம் முடியும்வரை அந்த ஊக்குகளைக் கழற்றிவிடுங்கள். சித்திரை வெயிலில் முந்தானைக்குள் முழுக்க மூடிக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் வியர்த்து நெளியத்தான் செய்யும். வெளிச்சம் குறைந்த அறையில், தூக்கக் கலக்கத்தில் கொடுத்தால் நிறையவே குடித்துவிடும். பகலில் குறைத்துக் குடித்ததை இரவில் ஈடுகட்டும் பிள்ளைகளும் உண்டு.

மூக்கடைப்பு, காய்ச்சல், வாய்க்குள் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், ஒவ்வொரு முறையும் வீறிட்டு அழுவது, எடை ஏறாதது, சிறுநீர் குறைவது, இவை இருந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழக அரசு 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அதை மறைவுக்கான இடமாக மட்டுமே பலரும் பார்க்கிறார்கள். நாலு மாதப் பிள்ளைக்கு அந்த நாலு சுவரின் அமைதியும் வேண்டும். ஹாரன் சத்தத்துக்கு நடுவே அது குடிக்காது. நான் அண்மையில் போன பேருந்து நிலையத்தில் அந்த அறை பூட்டிக் கிடந்தது. ஒரு பெண் தூணோரம் திரும்பி உட்கார்ந்து, திமிறும் பிள்ளையோடு போராடிக்கொண்டிருந்தார். சாவி யாரிடம் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. உங்கள் நிருபர்கள் மாவட்டந்தோறும் இந்த அறைகளைப் போய்ப் பார்த்து, எவை திறந்திருக்கின்றன, எவற்றில் மின்விசிறி ஓடுகிறது என்று எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்.