ஆடம்ஸ் தெருவில் நின்ற வரிசை

அன்புள்ள அம்மணிக்கு,

சமையலையே தொழிலாக எடுத்துக்கொள்ளப் போவதாக நீ சொன்னதும், ஞாயிற்றுக்கிழமை போனில் கோபமாகப் பேசிவிட்டேன். "இவ்வளவு படிக்க வைத்தது அடுப்படியில் நிற்கவா?" என்று கேட்டிருக்கக் கூடாது. நீ ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தாய். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நேற்று வேலை முடிந்ததும் சிகாகோ ஆடம்ஸ் தெருவுக்குப் போய், பெர்காஃப் உணவகத்தில் தனியாக உட்கார்ந்தேன். 2006 பிப்ரவரியில் அதை மூடப்போகிறார்கள் என்று கேட்டதும், ஆறு வயசில் உன்னைக் கூட்டிக்கொண்டு குளிரில் வரிசையில் நின்றேனே, ஞாபகம் இருக்கிறதா? என் கோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "இன்னும் எத்தனை பேரும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். வீட்டில் கீரையைத் தொடமாட்டாய். அங்கே பாலும் வெண்ணெயும் விட்டு மசித்த கீரையை ரொட்டியால் தட்டோடு வழித்துச் சாப்பிட்டாய். நேற்றும் அதைத்தான் வாங்கினேன்.

ஜெர்மனியின் டார்ட்மண்டிலிருந்து பிழைக்க வந்த ஹெர்மன் பெர்காஃப் 1898-ல் தொடங்கிய கடை அது. அப்போது பீர் ஐந்து சென்ட், கூடவே சாண்ட்விச் இலவசம். 1920-ல் மதுவிலக்கு வந்தது. பீரையே நம்பியிருந்த கடை, யோசித்துப் பார்! போதையில்லாத பீரும் சோடாவும் விற்று, சமையலைப் பெரிதாக்கி, 13 வருடம் தாக்குப்பிடித்தார்கள். நாம் சாப்பிட்ட ஷ்னிட்சல் என்ற இறைச்சி வறுவலுக்கு வழி பிறந்தது அப்போதுதான். 1933-ல் விலக்கு நீங்கியதும் சிகாகோவின் முதலாம் எண் மது உரிமம் அவர்களுக்குத்தான் கிடைத்தது.

இன்னொன்று. அந்தக் கடையின் மதுக்கூடத்தில் 1969 வரை ஆண்கள் மட்டும்தான். பெண்ணுரிமைச் சங்கத்தினர் உள்ளே போய் எங்களுக்கும் கொடு என்று கேட்ட பிறகுதான் மாறியது. அப்புறம் 2006-ல், கடையை நடத்திவந்த தன் பெற்றோர் ஓய்வெடுத்தபோது, அதை மறுபடி திறந்தது ஹெர்மனின் கொள்ளுப்பேத்தி கார்லின். சொந்தமாக கேட்டரிங் நடத்திக்கொண்டிருந்த பெண். வரிசையில் நின்று அழுத எனக்கு, உன்னிடம் பேசும்போது அந்தப் பெண் நினைவுக்கு வராமல் போய்விட்டாளே.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். நாள் முழுக்க நிற்கிற வேலை, நல்ல செருப்பாக வாங்கிக்கொள். கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசு. டிசம்பரில் வரும்போது மூன்று பேரும் அங்கே போகலாம். அந்தக் கீரையில் ஜாதிக்காய் எவ்வளவு போடுகிறார்கள் என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா