மஞ்சள் புழுவும் திலாப்பியாவும்

ஆசிரியருக்கு,

திலாப்பியாவைக் கழுவும்போது செவுளோரம் அரிசி அளவில் மஞ்சளாக ஒன்று நெளிந்ததைப் பார்த்து, மீனையே குப்பையில் கொட்டியவர்களில் நானும் ஒருவன். அப்புறம்தான் அதன் கதை தெரிந்தது. கிளினோஸ்டோமம் என்ற தட்டைப்புழுவின் இளம்பருவம் அது. நீர் நத்தையிலிருந்து வெளிவந்து மீனின் சதைக்குள் புகுந்து கூடு கட்டிக்கொள்ளும். மீனைக் கொக்கோ நாரையோ விழுங்கினால் அந்தப் பறவையின் தொண்டையில் வளர்ந்து முட்டையிடும். அதாவது, அது காத்திருப்பது கொக்குக்காக, நமக்காக அல்ல. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றவர்களின் தொண்டையில் ஒட்டிக்கொண்ட சம்பவங்கள் அபூர்வமாக உண்டு. மீனின் உட்பகுதி வரை 63 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிவிட்டால் புழு செத்துவிடும்.

மீனுக்குத் தொல்லை தரும் மற்ற ஒட்டுண்ணிகளில் சில கண்ணுக்கே தெரியாது. டிரைக்கோடினா என்ற ஒற்றைச் செல் உயிரி நுண்ணோக்கியில் சுழலும் சாசர் போலிருக்கும், பார்க்க அழகுதான்! கைரோடாக்டைலஸ் என்ற நுண்புழு இன்னும் விசித்திரம்: தாயின் வயிற்றிலுள்ள குட்டிக்குள்ளேயே அடுத்த குட்டி உருவாகத் தொடங்கியிருக்கும். எண்ணிக்கை மளமளவென்று ஏறாமல் என்ன செய்யும்? இவ்விரண்டும் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆனால் நெருக்கமாக மீன் விட்டு, மிஞ்சிய தீனி அழுகிக் கிடக்கும் குளத்தில் குஞ்சுகளைக் கூட்டமாகக் கொன்றுவிடும்.

ஆகவே பண்ணைக்காரர்கள் மருந்துப் புட்டியைத் தேடுமுன் குளத்து நத்தையையும், தீனியின் அளவையும், மீன் நெரிசலையும் கவனிக்கட்டும். மீனை மருந்து கலந்த நீரில் முக்கியெடுக்கும் மருந்துக் குளியல் குளத்து நத்தையை ஒழிக்காது. சதைக்குள் கூடு கட்டிய மஞ்சள் புழுவையும் எளிதில் எட்டாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்