மணமகள் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறுதோறும் உங்கள் நாளிதழில் வரும் வரன் விளம்பரங்களில் கிறிஸ்தவர் பகுதியை ஒரு வரி விடாமல் படிக்கிறவள் நான். வீட்டில் கல்யாண வயதில் யாரும் இல்லை, பழக்கதோஷம்தான். போன வாரம் ஒன்று வந்திருந்தது. பையன் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பி.இ., வயது 29. பெண் இரட்சிக்கப்பட்டவளாகவும் ஞானஸ்நானம் பெற்றவளாகவும் ஜெபிக்கிறவளாகவும் இருக்க வேண்டுமாம். இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில் சாதிப் பெயர். எந்தச் சாதி என்று இங்கே எழுதவில்லை. எதைப் போட்டாலும் விளம்பரம் அப்படியே பொருந்தும்.

கல்லெறிய எனக்கும் யோக்கியதை கிடையாது. 2009-ல் என் மகனுக்கு நானே இப்படி ஒன்று கொடுத்தேன். உங்கள் பத்திரிகையில் இல்லை, வேறொன்றில். நான் எழுதிக் கொடுத்த தாளைக் கவுண்டரில் இருந்த தம்பி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சர், பிரிவு போடலையே?" என்றான்.

"கிறிஸ்தவர்னு போட்டிருக்கேனே."

"அது மதம். பிரிவு போடலைன்னா நீங்க அந்தப் பக்கத்து ஆளுன்னு நினைச்சிருவாங்க."

அந்தப் பக்கம் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். 'சாதி இரண்டொழிய வேறில்லை' என்று முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்ட கை, பேனாவை வாங்கி அந்த ஒரு வார்த்தையையும் சேர்த்தது. வார்த்தைக் கணக்கில்தான் கட்டணம். அதற்கும் சேர்த்தே பணம் கட்டினேன்.

இதை இப்போது கிளறக் காரணம் ஆகஸ்ட் 10. 1950-ல் அந்தத் தேதியில்தான் பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் வெளியேதான் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்படி மதம் மாறியவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கும். எங்கள் சபையில் அந்தத் தேதியைக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். கறுப்புத் துணி குத்திக்கொண்டு கோயில் வாசலில் நிற்போம், மனுவில் கையெழுத்துப் போடுவோம். நானும் போட்டிருக்கிறேன். கோரிக்கை நியாயமானது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஒருவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று பார்த்தா ஊர் அவனைத் தெருவுக்கு வெளியே வைத்தது? 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் இதற்காகத் தீர்மானம் போட்டது.

ஆனால் சூசை வழக்கு என்று ஒன்று உண்டு. சென்னையில் வீதியோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் அவர். வீதியோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, அது பட்டியல் சாதியினருக்கு மட்டும்தான் என்று இவரை விட்டுவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் தோற்றார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு கிறிஸ்தவர்களுக்குள்ளும் தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் வைக்கப்படவில்லை என்பதுதான் நீதிபதிகள் சொன்னதன் சாரம்.

ஆதாரம் இல்லையாம்! ஞாயிறு பேப்பரை யாராவது எடுத்துப்போய்க் காட்டியிருக்கலாம்.

எங்கள் இரட்டை நாக்கு இங்கேதான் அகப்படுகிறது. டெல்லிக்கு எழுதும்போது, ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரையவில்லை என்கிறோம். பிரசங்க பீடத்தில் ஏறினால் கிறிஸ்துவுக்குள் சாதியே இல்லை என்கிறோம். 'உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே, பிறகு ஏன் சலுகை?' என்று கேட்கிறவர்கள்மேல் எங்களவர்களுக்குக் கோபம் வருகிறது. அவர்கள் புதிதாக என்ன கேட்டுவிட்டார்கள்? எங்கள் பிரசங்கத்தைத்தானே திருப்பிச் சொல்கிறார்கள்.

இதைச் சொன்னால் சபையில் பதில் தயாராக இருக்கிறது: "அது சாதி இல்ல டீச்சர், பழக்கவழக்கம். சாப்பாடு, பேச்சு எல்லாம் ஒத்துப்போகணும்லா." நானும் என் வீட்டுக்காரரும் ஒரே சாதி, ஒரே திருமண்டலம். கருவாட்டுக் குழம்பில் தேங்காய் அரைத்து விடலாமா கூடாதா என்பதில் முப்பத்துநாலு வருஷமாகியும் ஒத்துப்போகவில்லை. சண்டை முடியுமுன் அவர்தான் போய்ச் சேர்ந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன் என் அண்ணன் மகன், கூடவே பாடகர் குழுவில் பாடிய பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றான். அந்தப் பக்கத்துப் பெண். அண்ணனைச் சம்மதிக்கவைக்க ஏழு மாதம் ஆனது. பெண் வீட்டுக்கு நானும் மதினியும் போனோம். பெண்ணின் அம்மா புது எவர்சில்வர் தம்ளரில் டீ கொண்டுவந்தார்; அடியில் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது. எங்களுக்காக அன்றுதான் வாங்கியிருக்கிறார்கள். மதினி தம்ளரைத் தொடவில்லை. "எனக்குச் சுகர் உண்டு, டீ குடிக்கிறதில்ல" என்றார்கள். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் மதினி டீ குடித்தார்கள், சீனி தூக்கலாக. சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட பகுதியை மாதர் சங்கத்தில் அத்தனை உருக்கமாக விளக்குகிறவர்கள் அவர்கள். பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசித்தார் எங்கள் சபைப் போதகரான ஐயர். தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று முறையும் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கல்யாணத்தன்று எங்கள் பக்கத்து பெஞ்சுகளில் பாதி காலி.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். வருமானத்தை விட்டுவிட்டு விளம்பரத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை, கேட்டாலும் நடக்காது. சாதி போடாமல் ஒருவர் தாளை நீட்டினால், "பிரிவு போடலையே?" என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளும்படி உங்கள் ஊழியர்களிடமும் ஏஜென்டுகளிடமும் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தத் தம்பி கேட்காமல் இருந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எங்கள் சபைக்காரர்களுக்கும் ஒன்று. முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு 2022 அக்டோபரில் அமைத்த ஆணையம் விசாரிக்க எடுத்துக்கொண்டதும், மதம் மாறிய தலித்துகளைப் பட்டியலில் சேர்க்கலாமா என்ற இதே கேள்வியைத்தான். இனி எங்கே மனு அனுப்பினாலும், எங்களுக்குள் சாதி இருக்கிறது, அதை நடத்துகிறவர்களும் நாங்களே என்று முதல் வரியில் எழுதுங்கள். கூடவே ஞாயிறு விளம்பரப் பக்கங்களையும் இணைத்துவிடுங்கள். இரண்டு வருஷத்துப் பக்கங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் கட்டி வைத்திருக்கிறேன். 2009-ல் நான் கொடுத்ததன் நறுக்கும் என்னிடம் இருக்கிறது. அதையும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பாளையங்கோட்டை.